நீலமா? மஞ்சளா?

சுவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன், அதையும் சுவரில்தான் ஒட்டப் போகிறார்கள் என்று சொன்னதும் எங்கள் வகுப்பே சிரித்தது. தமிழம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நடந்ததை நடந்தபடி எழுது. அறிவியலும் கொஞ்சம் வரட்டும். அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது" என்று சொல்லி எட்டுத் தாள் கொடுத்தார்கள். என் கையெழுத்து கொஞ்சம் கிறுக்கலாக இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள். கடைசித் தாளில் நம் பள்ளிக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

எங்கள் வீடு மேலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. தாத்தா கட்டிய ஓட்டு வீடு. பின்பக்கம் உள்ள அறையில் நானும் அப்பத்தாவும் படுத்துக்கொள்வோம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி. ஒரே ஒரு சன்னல். அதையும் பக்கத்து வீட்டுச் சுவர் மறைத்துக்கொண்டு நிற்கும். பகல் பதினோரு மணிக்கே லைட் போட்டால்தான் புத்தகம் படிக்க முடியும்.

போன வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் அப்பா ஒரு வாக்குக் கொடுத்தார். "நானூறு மார்க்குக்கு மேல எடுத்துட்டா, அந்த ரூமுக்கு நீ சொல்ற பெயிண்ட்ட அடிச்சுத் தர்றேன்" என்றார். நான் 431 எடுத்தேன்! அப்பா டிராக்டர் ஓட்டுகிறார். கையில் காசு சேரக் கொஞ்ச நாள் ஆனது. அதனால் காலாண்டு விடுமுறையில் வேலை ஆரம்பிக்கலாம் என்று முடிவானது.

அன்றிலிருந்தே வீட்டில் சண்டை. எனக்குக் கரு நீலம் வேண்டும். ராத்திரி வானம் மாதிரி இருக்க வேண்டும், அதில் இருட்டில் மின்னும் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்பது ஏழாம் வகுப்பில் இருந்தே என் ஆசை. அம்மாவுக்கு வெளிர் மஞ்சள். "ஏற்கனவே அது இருட்டு ரூமு. இதுல நீலத்தை வேற அப்பப் போறானாம். மஞ்சள்னா மங்களகரமா இருக்கும், வெளிச்சமாவும் இருக்கும்" என்பது அம்மா கட்சி. கல்லூரியில் படிக்கும் அக்கா காலையில் என் கட்சியில் இருந்து சாயங்காலம் அம்மா கட்சிக்குத் தாவினாள். அப்பா, "மார்க் எடுத்தது அவன். அவன் சொல்றதுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்த அறையில் இருக்கும் இன்னொரு ஆளை, அதாவது அப்பத்தாவைக் கேட்டீர்களா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவில்லை நண்பர்களே! யாருமே கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் தெருவில் இருக்கும் பெயிண்டர் மாமாதான் வேலைக்கு வந்தார். முதலில் என்னையே கணக்குப் போடச் சொன்னார். நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி. அதை உயரம் 10-ஆல் பெருக்கினால் 440 சதுர அடி. கதவு 7-க்கு 3, சன்னல் 4-க்கு 3, ஆக 33 சதுர அடி போக மிச்சம் 407. எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கோட் அடிக்க ஒரு லிட்டர் சுமார் 100 சதுர அடிக்கு வரும் என்று மாமா சொன்னார். அப்படியானால் 4 லிட்டர். பாடப் புத்தகத்தில் "ஓர் அறையின் பக்கப் பரப்பு காண்க" என்று வரும்போது, இது எதற்கு ஆகப் போகிறது என்று நினைத்திருக்கிறேன். இதற்குத்தான் ஆகிறது.

நான் ஷேடு கார்டில் ஒரு நீலக் கட்டத்தைக் காட்டியதும் மாமா சொன்னார்: "தம்பி, கார்டுல பாக்குறது வேற, செவுத்துல பாக்குறது வேற. இத்துனூண்டு கட்டத்துல அழகாத்தான் தெரியும். நாலு பக்கமும் அடிச்சுட்டா நம்ம மேல ஏறி உக்காந்துக்கிரும். மொதல்ல ஒரு செவுத்துல மட்டும் அடிச்சுப் பாரு. எதுத்த செவுத்துல உங்கம்மா கேக்குற மஞ்சளையும் ரெண்டடிக்கு ரெண்டடி அடிச்சு வையி. காலைல, மத்தியானம், ராத்திரி மூணு வேளையும் பாரு. அப்புறம் முடிவு பண்ணு." எனக்கு இது நியாயமாகப் பட்டது. கட்டிலில் படுத்தால் நேரே தெரிவது கதவு உள்ள சுவர். அதற்கே நீலம் என்று சொல்லிவிட்டேன்.

பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் உள்ள வேலைதான் பெரிய வேலை. எங்கள் சுவரில் ஒவ்வொரு பொங்கலுக்கும் அடித்த சுண்ணாம்பு பத்தை பத்தையாக இருந்தது. உதிர்கிற சுண்ணாம்பின் மேல் எமல்ஷன் நிற்காது, கொஞ்ச நாளில் உரிந்து வந்துவிடும். அதனால் தகடு வைத்துச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்தோம். நானும் சுரண்டினேன். வெங்காயத் தோல் மாதிரி உரிய உரிய உள்ளே இன்னொன்று இருந்தது. மாமா கதவின் பழைய எனாமல் பெயிண்டை மட்டும் தேய்க்க விடவில்லை. பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம், அதிலும் பழைய மஞ்சளில் நிறையவே இருக்கும், அந்தத் தூசி பிள்ளைகளுக்கு ஆகாது என்றார். நான் பிறகு படித்துப் பார்த்தேன். லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மம்தான் அந்தக் கால மஞ்சள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் மத்திய அரசு விதி கொண்டு வந்து, 2017 நவம்பர் முதல் அமலாக்கியது.

நாங்கள் சுரண்டும்போது அப்பத்தா வாசற்படியில் உட்கார்ந்து கதை சொன்னது. தாத்தா சுண்ணாம்புக் கல்லைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவாராம். அடுப்பே இல்லாமல் அது தளதளவென்று கொதிக்குமாம். பிள்ளைகளைப் பக்கத்தில் விடமாட்டாராம். ஆறிய பிறகு வடிகட்டி, ஒரு சிட்டிகை நீலம் கலந்து, நசுக்கிய தேங்காய் மட்டையால் அடிப்பாராம். "அடிக்கிறப்ப ஒண்ணும் தெரியாதுய்யா. அழுக்குத் தண்ணி மாதிரி இருக்கும். காயக் காயத்தான் பால் மாதிரி வெளுக்கும்" என்றது அப்பத்தா.

இது அப்படியே நம் வேதியியல் பாடம்! சுட்ட சுண்ணாம்பு கால்சியம் ஆக்சைடு. தண்ணீர் சேர்ந்தால் வெப்பம் வெளியாகிக் கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. சுவரில் அடித்ததும் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து இரண்டு மூன்று நாளில் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் பளபளக்கிறது. நீலம் எதற்கு என்றால், வெள்ளையில் இருக்கும் லேசான பழுப்பை அது அடக்கிவிடும். எமல்ஷன் இதற்கு நேர் எதிர். ஈரமாக இருக்கும்போது வெளுப்பாகத் தெரியும், காய்ந்தால் நிறம் கூடும். மாமா முதல் கோட் அடித்தபோது "இதென்ன மாமா, சாம்பல் நீலமா இருக்கு" என்று முகத்தைத் தொங்கப் போட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் நான் கேட்ட அதே ராத்திரி வானம்!

அன்றைக்கு என் சந்தோஷத்தைக் கேட்கவே வேண்டாம். நண்பர்கள் ஐந்து பேர் வந்து பார்த்தார்கள். அப்பத்தா உள்ளே வந்து சுவரைக் கையால் தடவிப் பார்த்தது. "என்னய்யா, கறுப்பு அடிக்கச் சொல்லிட்ட?" என்றது. எல்லோரும் சிரித்தோம். அக்கா விடவில்லை. "அப்பத்தா, எதுத்த செவுத்துல மஞ்சள் கட்டம் இருக்கே, அது நல்லா இருக்கா?" என்று கேட்டாள். அப்பத்தா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எங்க இருக்கு? எல்லாம் வெள்ளையாத்தான தெரியுது" என்றது. இன்னும் சிரித்தோம். "அப்பத்தாவுக்குக் கலரே தெரியல!" என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன். அப்பத்தாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தது. இப்போது அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது நாள் ராத்திரி 'டம்' என்று ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் அப்பத்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கொல்லைப்பக்கம் போக எழுந்தபோது நிலையில் முட்டிக்கொண்டது. நெற்றி நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துவிட்டது. அம்மா ஓடி வந்து ஒத்தடம் கொடுத்தார்கள். "தூக்கக் கலக்கத்துல இடிச்சுக்கிட்டேன். ஒண்ணுமில்ல, நீ படுய்யா" என்றது என்னிடம். நானும் படுத்துத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது அடுப்படியில் அப்பத்தா அம்மாவிடம் மெதுவாகச் சொல்வது காதில் விழுந்தது.

"வெள்ளச் செவுத்துல கதவு மட்டும் கறுப்பாத் தெரியும்த்தா. அதப் பாத்துத்தான் இத்தன நாளும் போயிட்டு வந்தேன். இப்பச் செவுரு, கதவு எல்லாம் ஒண்ணாக் கெடக்கு. எது வழின்னே தெரியல. புள்ளைட்டச் சொல்லிராத. ஆசையா அடிச்சிருக்கான்."

வாயில் இருந்த பேஸ்ட் நுரையைத் துப்பக்கூடத் தோன்றாமல் நின்றேன். ஐந்து வருஷமாக ஒரே அறையில் படுக்கிறோம். அப்பத்தாவுக்குச் சுவர்தான் வழிகாட்டி என்பது எனக்குத் தெரியாது. கண் மங்கிவிட்டது என்று தெரியும். எவ்வளவு மங்கல் என்று தெரியாது. யாரையும் முகத்தைப் பார்த்து இல்லாமல், குரலைக் கேட்டுத்தான் "வாய்யா" என்று சொல்கிறது என்பதையும் அன்றைக்குத்தான் யோசித்தேன்.

பள்ளி திறந்ததும் இயற்பியல் ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஐயா திட்டவில்லை. ஒரு சோதனை செய்யச் சொன்னார். நீங்களும் செய்து பார்க்கலாம். இரண்டு செருப்பு டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் உள்பக்கம் முழுக்கக் கரு நீலம், இன்னொன்றில் வெளிர் மஞ்சள் அடியுங்கள். மூடியில் ஒரே இடத்தில் ஓட்டை போட்டு, ஒரே டார்ச் லைட்டை மெல்லிய துணி கட்டி வையுங்கள். பக்கவாட்டில் பார்ப்பதற்கு ஒரு ஓட்டை. உள்ளே ஒரு பிடி அரிசியும் நாலைந்து சின்னக் கல்லும் போடுங்கள். மஞ்சள் டப்பாவில் கற்கள் எனக்கு உடனே தெரிந்தன. நீல டப்பாவில் டார்ச் நேரே விழுந்த இடம் மட்டும் தெரிந்தது, மூலையெல்லாம் இருட்டு.

ஐயா விளக்கினார். பல்பில் இருந்து வரும் வெளிச்சம் ஒரு தடவை மட்டும் நம் கண்ணுக்கு வருவதில்லை. சுவரில் பட்டுத் திரும்பி, எதிர்ச் சுவரில் பட்டு, மறுபடி திரும்பி அறை முழுக்கப் பரவுகிறது. வெளிர் நிறச் சுவர் தன் மேல் விழுந்த ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். கருநிறச் சுவர் விழுங்கிவிடும். பெயிண்ட் கம்பெனிகள் இதற்கு 0 முதல் 100 வரை ஓர் எண் வைத்திருக்கிறார்கள். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. வெளிர் மஞ்சள் பெரும்பாலும் 70-க்கு மேலே வரும். கரு நீலம் 10-க்குக் கீழே. எங்கள் அறையில் ராத்திரி எரிவது ஒரே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. அது கொடுக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் என் 'ராத்திரி வானம்' குடித்துக்கொண்டிருந்தது.

"ஆனா இன்னொண்ணையும் கவனி. வெளிச்சம் மட்டும் போதாது. ஒரு பொருள் தெரியணும்னா அதுக்கும் பின்னால இருக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கணும்" என்றார் ஐயா. வெள்ளைக் காகிதத்தில் வெள்ளைச் சாக்பீஸால் எழுதினால் எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் படிக்க முடியுமா? எங்கள் கதவு பழுப்பு. பழைய வெள்ளைச் சுவரில் பளிச்சென்று தெரிந்தது, நீலச் சுவரில் மறைந்துவிட்டது. இந்தக் கணக்குப்படி மஞ்சளிலும் ஒரு குறை உண்டு. எங்கள் சுவிட்ச் போர்டு வெள்ளை. வெளிர் மஞ்சளில் அது அப்பத்தாவுக்குத் தெரியாது. ஆக, நான் சொன்னதும் முழுச் சரியில்லை, அம்மா சொன்னதும் முழுச் சரியில்லை!

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. நீலத்தை ஏன் அப்பத்தா கறுப்பு என்று சொன்னது? மஞ்சளை ஏன் வெள்ளை என்று சொன்னது? அதற்கு விடை எங்கள் ஊருக்கு வந்த கண் சிகிச்சை முகாமில் கிடைத்தது.

முகாமுக்கு அப்பத்தா வர மறுத்தது. "இந்த வயசுக்கு மேல கண்ணு தெரிஞ்சு என்ன பரீட்சையா எழுதப் போறேன்?" என்றது. நான் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வரலைன்னா நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன்" என்று அடம் பிடித்தேன். (தலைமையாசிரியர் ஐயா மன்னிக்கவும்.) அப்புறம்தான் கிளம்பியது.

அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்கள். நம் கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. சின்னப் பிள்ளையில் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். வயது ஆக ஆக மஞ்சளாகும். கண்புரை முற்றினால் பழுப்பாகவே ஆகிவிடும். அந்தப் பழுப்பு, நீல ஒளியைத் தடுத்துவிடும். அதனால் கரு நீலம் கறுப்பாகத் தெரியும். வெள்ளையே மஞ்சளாகத் தெரிவதால் வெள்ளைக்கும் வெளிர் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது. "பெரிய பல்பு போட்டா சரியாப் போகுமா?" என்று கேட்டேன். "கண்ணு கூசும். ஆபரேஷன்தான் வழி" என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பழைய இருமல் டானிக் புட்டி ஒன்றைக் கழுவி எடுத்தேன். பழுப்புக் கண்ணாடிப் புட்டி. அதன் வழியாக என் சுவரைப் பார்த்தேன். கறுப்பு! எதிர்ச் சுவரில் அம்மாவின் மஞ்சள் கட்டத்தைத் தேடினேன். கட்டமே காணோம், எல்லாம் ஒரே நிறம்! நீங்களும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வீட்டில் நாங்கள் ஒரு மாதம் நீலமா மஞ்சளா என்று அடித்துக்கொண்டோம். அப்பத்தாவுக்கு அது கறுப்பா வெள்ளையா என்பதுதான். கறுப்பை அடிக்க வேண்டாம் என்று சொல்லாமல் அது சும்மா இருந்திருக்கிறது.

கண்புரையைப் பற்றி நூலகத்தில் தேடியபோது சில செய்திகள் கிடைத்தன. பிரான்ஸ் நாட்டு ஓவியர் கிளாட் மோனேவுக்கும் கண்புரை இருந்தது. அந்த வருஷங்களில் அவர் வரைந்த பல படங்கள் பழுப்பும் சிவப்புமாக இருக்கின்றன. 1923-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். நிறத்தோடேயே வாழ்ந்த ஓவியருக்கே அந்த நிலை என்றால் எங்கள் அப்பத்தா எம்மாத்திரம்! அந்தக் காலத்தில் கெட்டுப்போன லென்ஸை எடுத்துவிட்டுக் கனமான கண்ணாடி போடச் சொல்வார்கள். இப்போது கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். அதை முதன்முதலில் 1949-இல் லண்டனில் வைத்தவர் ஹரால்டு ரிட்லி. போர் விமானத்தின் பிளாஸ்டிக் மூடி உடைந்து விமானிகளின் கண்ணுக்குள் போன துண்டுகள் கண்ணைக் கெடுக்காமல் அப்படியே இருந்ததைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாம். நம் மதுரைக்கும் இதில் பங்கு இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. செயற்கை லென்ஸைக் குறைந்த விலையில் செய்வதற்காக 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற நிறுவனமும் தொடங்கப்பட்டது. பேருந்தில் போகும்போது பெயர்ப் பலகையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இது தெரியாது.

அப்பத்தாவுக்கு முதலில் வலது கண்ணில் மட்டும் ஆபரேஷன் நடந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் கட்டை அவிழ்த்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அப்பா ஆட்டோ பிடித்துக் கூட்டி வந்தார். வரும் வழியிலேயே என்னைப் பார்த்து, "ஏய்யா, மீசை மொளைக்குது உனக்கு!" என்றது. ஆட்டோக்கார அண்ணன் உட்பட எல்லோரும் சிரித்தோம். நான் மட்டும் கொஞ்சம் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் நேரே எங்கள் அறைக்குத்தான் போனது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நீலச் சுவருக்கு முன்னால் நின்றது. பேசவே இல்லை. பிறகு வலது கண்ணை உள்ளங்கையால் மூடியது. எடுத்தது. இடது கண்ணை மூடியது. எடுத்தது. மறுபடியும் வலது, மறுபடியும் இடது. சின்னப் பிள்ளை விளையாடுவது மாதிரி இருந்தது.

"இந்தக் கண்ணுல பாத்தாக் கறுப்பு. இந்தக் கண்ணுல பாத்தா மயில் கழுத்து. ஆத்தாடி, இதுவாய்யா நீ அடிச்ச கலரு?" என்றது.

அப்புறம் என்ன நினைத்ததோ, கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுக்கச் சொன்னது. அடியில் ஒரு பட்டுச்சேலை. தாத்தா எடுத்துக் கொடுத்ததாம். இருட்டில் வைத்துக் கறுத்துப் போய்விட்டது என்று சொல்லி நாலைந்து வருஷமாக அப்பத்தா அதைக் கட்டவே இல்லை. அக்கா கல்லூரி விழாவுக்குக் கேட்டபோதுகூட "கறுப்பு ஆகாது" என்று கொடுக்கவில்லை. அக்கா அதை ஒரு நாளும் விரித்துப் பார்த்ததில்லை. அதை எடுத்துச் சுவருக்குப் பக்கத்தில் விரித்தோம். மயில் கழுத்து நிறம். கறுக்கவே இல்லை. அப்பத்தா அந்தச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தது. நாங்கள் யாரும் பேசவில்லை.

அன்று ராத்திரி அப்பா எல்லோரையும் உட்கார வைத்து, "இப்ப என்ன கலர் அடிக்கிறது?" என்று கேட்டார். நான், "அப்பத்தா சொல்லட்டும்" என்றேன். அப்பத்தா கொஞ்சம் யோசித்துச் சொன்னது: "கதவு இருக்கிற செவுத்துல இது வேணாம். தலமாட்டுப் பக்கம் இத அடி. மத்த மூணுக்கும் எம்மருமக சொன்ன மஞ்சள அடி. எனக்கும் வழி தெரியும், எம்பேரனுக்கும் ஆச தீரும்."

ஒரு மாதச் சண்டையை ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டது! முதல் நாளே கேட்டிருந்தால் நெற்றியும் புடைத்திருக்காது, ஒரு லிட்டர் பெயிண்டும் வீணாகியிருக்காது.

பெயிண்டர் மாமா மறுபடி வந்தார். நீலத்தின் மேல் நேராக மஞ்சள் அடித்தால் உள்ளே இருந்து நீலம் எட்டிப் பார்க்கும். அதனால் பிரைமர் அடித்து மறைத்துவிட்டுத்தான் மஞ்சள் அடித்தார். பிரைமருக்கும் புதிதாக வாங்கிய நீலத்துக்கும் என் உண்டியல் காசைக் கொடுத்தேன். தவறு என்னுடையதுதானே! சுவிட்ச் போர்டைச் சுற்றி டேப் ஒட்டி இரண்டு அங்குல அகலத்துக்கு மீதி நீலத்தை அடித்தோம். வெள்ளைப் போர்டுக்குச் சட்டம் போட்டது போல ஆகிவிட்டது. இது மட்டும் என் யோசனை. அம்மாவே நல்லாயிருக்கு என்று சொன்னார்கள்.

இப்போது ராத்திரி அதே ஜீரோ வாட்ஸ் பல்பில் கதவு தனியாகத் தெரிகிறது. தலைமாட்டில் என் ராத்திரி வானமும் இருக்கிறது. நிமிர்ந்து படுத்தால் தெரியாது, தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பரவாயில்லை. பொங்கலுக்கு முன்னால் இடது கண்ணிலும் ஆபரேஷன் முடிந்தது. பொங்கலன்று அப்பத்தா அந்த மயில் கழுத்துச் சேலையைக் கட்டியது. வாசலில் என் அக்கா போட்ட கோலத்தில் ஒரு புள்ளி தப்பு என்று முதல் ஆளாகக் கண்டுபிடித்ததும் அப்பத்தாதான்!

நண்பர்களே! நீலம் நல்லதா, மஞ்சள் நல்லதா என்று யாராவது என்னைக் கேட்டால் இப்போது நான் திருப்பிக் கேட்பேன். அந்த அறையில் யார் இருக்கிறார்கள்? அவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? உங்கள் வீட்டிலும் தாத்தாவோ பாட்டியோ இருப்பார்கள். அவர்கள் கருநீலத்தைக் கறுப்பு என்று சொன்னால் சிரிக்காதீர்கள். கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

கடைசியாக அந்த வேண்டுகோள். நம் பள்ளி மாடிப்படி முழுக்க ஒரே சிமெண்டு நிறம். எந்தப் படி எங்கே முடிகிறது என்று மேலிருந்து இறங்கும்போது தெரிவதில்லை. போன மாதம் ஆண்டு விழாவுக்கு வந்த ஒரு பாட்டி கடைசிப் படியில் தடுமாறியதைப் பலர் பார்த்தோம். நல்லவேளை, பிடித்துக்கொண்டோம். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்தில் ஒரு மஞ்சள் கோடு போட்டால் போதும். எங்கள் வீட்டில் மீதி இருக்கும் மஞ்சளைக் கொண்டு வரலாமா என்று பெயிண்டர் மாமாவைக் கேட்டேன். "அது செவுத்துக்கு அடிக்கிறது தம்பி. படில அடிச்சா நாலு நாள்ல தேஞ்சு போகும். எனாமல் வாங்கிட்டு வா. கூலி வேணாம், ஒரு ஞாயித்துக்கெழம வந்து நானே கோடு போட்டுத் தர்றேன்" என்று சொல்லியிருக்கிறார்.

தலைமையாசிரியர் ஐயா அனுமதி கொடுத்தால் எனாமல் டப்பாவுக்கு நாங்கள் வகுப்பில் காசு சேர்த்துக்கொள்கிறோம். பிரஷ் என்னிடம் இருக்கிறது.



— பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்